டிஜிட்டல் இசை, காப்பு, அழிவு: சில குறிப்புகள்

சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் 1891இல் இறந்தார். இந்தியாவில் கிராமபோன் பதிவு தொடங்கியதோ 1902இல். அவர் குரலில் காவடிச்சிந்து எப்படி ஒலித்தது என்பதற்கு ஒலிச்சான்று கிடையாது. ஆனாலும் சிந்து பிழைத்துக் கிடக்கிறது. அச்சேறிய சொற்கள் ஒருபுறம். சந்தத்தைத் தொண்டையிலும் காலிலும் சுமந்த காவடிக் கூட்டம் மறுபுறம். ஒன்றையொன்று அறியாத இரண்டு காப்பகங்கள்.

அதே வட்டாரத்தில், அச்சன்புதூரில், கோயில் கொடைகளுக்கு இசையமைத்துத் தரும் என் நண்பர் எல்லாவற்றையும் கணினியில்தான் செய்கிறார். 'ஹார்டு டிஸ்க்ல கெடக்கு அண்ணாச்சி, எங்க போயிரப் போவுது?' என்பார். இந்த நம்பிக்கையைத்தான் நாம் கேள்விக்குட்படுத்த வேண்டியிருக்கிறது.

நாம் கேட்கும் எம்பி3 முடிந்துபோன பண்டம். இசையமைப்பாளரின் உழைப்பு கிடப்பது புராஜெக்ட் கோப்பில். எந்தத் தடத்தில் எந்த வாத்தியம், எது எங்கே ஏறுகிறது, எங்கே அடங்குகிறது என்பதெல்லாம் அதில்தான். ஆனால் அது தன்னளவில் முழுமையான 'பிரதி' அல்ல. அதை வாசிக்க அதே மென்பொருள், அதே கருவி நிரல்கள் வேண்டும். 2019இல் ஆப்பிள் 32-பிட் நிரல்களைக் கைவிட்டபோது பழைய இசை நிரல்கள் பல புதிய கணினிகளில் இயங்காமல் போயின. பாமினி எழுத்துருவில் அடித்த கதையை இன்று திறந்து பார்த்த சிற்றிதழ்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: எழுத்துரு இல்லாத இடத்தில் அது வெறும் ஆங்கிலக் கிறுக்கல். குறிக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு முதலாளி உட்கார்ந்திருக்கிறான்.

ஆகவே முதல் வேலை, பாட்டை அவன் பிடியிலிருந்து வெளியே எடுப்பது. பாட்டு முடிந்த அன்றே ஒவ்வொரு தடத்தையும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து தனித்தனி வேவ் கோப்பாக எடுத்துவிட வேண்டும். எந்த மென்பொருளில் அடுக்கினாலும் பொருந்தும். கூடவே சுரங்கள் மிடி கோப்பாக. 1983இல் வந்த மிடி இன்றும் செல்லுபடியாவதற்குக் காரணம், அது ஒரே கம்பெனியின் சொத்தாக இல்லாததுதான். ஆனால் மிடி எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தம் என்று சொல்லுமே ஒழிய ஒலியைச் சுமக்காது. இரண்டும் வேண்டும்.

மூன்றாவது, ஒரு தாள். சுருதி, தாளம், வேகம், பாடியவர், தவில் வாசித்தவர், எந்த ஊர்க் கொடை. இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பெயர் எழுதப்படாத தவில்காரர்தான் வரலாற்றிலிருந்து முதலில் காணாமல் போகிறவர். புகழ்பெற்றவர்களின் ஒலிநாடாக்களைத் தேட ஆளுண்டு. நம்ம ஊர் மேளக்காரருக்கு யார் இருக்கிறார்கள்?

பிறகு நகல்கள்: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். இணையக் கிடங்கு மட்டும் போதாது. 2003 முதல் 2015 வரை தன்னிடம் ஏற்றப்பட்ட பாடல்களை மைஸ்பேஸ் தொலைத்துவிட்டது 2019இல் வெளியே தெரிந்தது. 5 கோடிப் பாடல்கள் என்றார்கள். வீட்டு அலமாரியும் நம்பத்தக்கதல்ல, குற்றாலச் சாரல் இங்கே எதையும் ஈரமாக்கிவிடும். ஆண்டுக்கொருமுறை திறந்து கேட்க வேண்டும். சில ஆண்டுகளுக்கொருமுறை புது வட்டுக்கு மாற்ற வேண்டும்.

வேறு ஊரில் இருக்கும் அந்த மூன்றாவது பிரதியை, சக இசைக்காரர் ஒருவரிடமே கொடுத்து, அவருடையதை நாம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். கடவுச்சொல்லையும், இல்லாத காலத்தில் யார் அதைப் பாடலாம் என்ற அனுமதியையும் அந்தத் தாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும்.