கண் மங்கிய தாத்தாவின் கைகள்



ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டு ஏற்படுத்தினார். இந்நாளில், தொடக்கநூல் 48ஆம் அதிகாரம் காட்டும் ஒரு தாத்தாவை நாம் சந்திப்போம்.

யாக்கோபு எகிப்தில் நோயுற்றுப் படுத்திருக்கிறார். முதுமையால் கண்பார்வை மங்கிவிட்டது. மகன் யோசேப்பு தம் பிள்ளைகளான மனாசே, எப்ராயிம் இருவரையும் அழைத்து வருகிறார். அவர்களுடைய தாய் ஆசினத்து, ஓன் நகர் அர்ச்சகரின் மகள். வேற்று இனம், வேற்று வழிபாடு. எபிரேயரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதையே எகிப்தியர் தீட்டாக நினைத்த காலம் அது. இரு பக்கத்தாரும் ஒதுக்கிவைத்திருக்கக்கூடிய பிள்ளைகள்!

யாக்கோபு தாயின் குலத்தைக் கேட்கவில்லை. பேரப்பிள்ளைகளை அருகில் வரச்சொல்லி, அணைத்து முத்தமிடுகிறார். ரூபனையும் சிமியோனையும் போல இவர்களும் என் பிள்ளைகளே என்கிறார். இது வெறும் இரக்கம் அன்று, உரிமை. அதனால்தான் பின்னாளில் நாடு பங்கிடப்பட்டபோது இவ்விருவரின் வழிமரபினரும் தனித்தனிப் பங்கு பெற்றனர். அன்று யாக்கோபு கைகளைக் குறுக்காக நீட்டி ஆசி வழங்கினார். அக்கைகளில் திருச்சபைத் தந்தையர் சிலுவையின் சாயலைக் கண்டனர்.

நம் கொங்கு மண்ணுக்கு வருவோம். 2016 மார்ச் 13 அன்று, சாதி கடந்து மணம் முடித்த இளைஞர் ஒருவர் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அரிவாள் எடுத்தவர்களை நாம் கண்டிக்கிறோம், நல்லது. ஆனால் சாதி மாறி மணந்த மகளின் குழந்தைக்குத் திருமுழுக்கு என்றால், நம் வீட்டு அப்புச்சி போகிறாரா? காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி கிடைக்கிறதா? "ஊர் என்ன சொல்லும்?" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வதும் அந்தக் குழந்தையைத் தள்ளிவைப்பதே. கண் தெரிந்த நாம் முகத்துக்கு முன் சாதியைப் பார்க்கிறோம். கண் மங்கிய யாக்கோபோ, கடவுள் தந்த பிள்ளைகளைப் பார்த்தார்.

நம்மில் பேரப்பிள்ளையின் முகம் காணாத தாத்தா பாட்டியர் இருந்தால், இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அந்த வீட்டுக்குப் போவோம். மன்னிப்பு, விளக்கம் எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் குழந்தையின் தலைமீது கை வைத்து, நெற்றியில் சிலுவை அடையாளம் வரைவோம்.

யாக்கோபின் கடவுளே, குலம் பார்க்கும் எங்கள் கண்களை மூடி, உம் பிள்ளைகளைக் காணும் கண்களைத் திறந்தருளும். ஆமென்.