ஒற்றை நட்சத்திரம் போடும் முன் நூறு விதையை எண்ணுங்கள்

ஆடிப் பட்டத்துக்கு விதை வாங்க ஒரு காலத்தில் திருவள்ளூருக்கோ செங்குன்றத்துக்கோ பஸ் ஏற வேண்டியிருந்தது. இப்போது ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், திருமழிசை பக்கம் வீட்டு மனைகளுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் நிலத்தில் கீரையும் வெண்டையும் போடுகிறவர்கள்கூட கைபேசியிலேயே விதை வாங்கிவிடுகிறார்கள். அம்பத்தூர், பூந்தமல்லி மாடித் தோட்டக்காரர்களைச் சொல்லவே வேண்டாம். கூரியர் வருகிறது, விதை மண்ணுக்குள் போகிறது. பத்து நாள் கழித்துப் பாத்தி வெறுமையாகக் கிடந்தால் கை தானாகவே கைபேசிக்குப் போகிறது. 'மோசடி, யாரும் வாங்காதீர்கள்' என்று எழுதி, ஒற்றை நட்சத்திரம் போட்டுவிடத் தோன்றுகிறது.

போடலாமா, வேண்டாமா? கெட்ட விதை என்றால் கட்டாயம் போட வேண்டும். சட்டை கிழிந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். தவறிய பட்டத்தை யாரும் திருப்பித் தர முடியாது. உழவு, உரம், கூலி எல்லாம் சேர்ந்து போய்விடும். நீங்கள் எழுதுவதைப் படித்து இன்னொரு விவசாயி அந்த இழப்பிலிருந்து தப்பிக்கலாம். ஆனால் விதை நல்லதாக இருந்து, தவறு நம் பக்கம் இருந்தால்? ஒரு நல்ல விற்பனையாளரின் பெயர் கெடும். அடுத்தவர் நல்ல விதையை விட்டுவிட்டு வேறு ஏதோ ஒன்றை வாங்குவார். அதனால் எழுதுவதற்கு முன் எது பிழைத்தது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

தவறு விதையிலா, நம் பக்கமா?

முளைக்காததற்கெல்லாம் விதை காரணமல்ல. கீரை விதையை அரை அங்குலத்துக்கு மேல் ஆழமாகப் போட்டால் பல விதைகள் மேலே வராமலே போகும். மேலாகத் தூவினால் எறும்பு இழுத்துக்கொண்டு போகும். சரியாகக் கழுவாத தென்னை நார்க் கழிவில் உப்பு அதிகமாக இருக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரும் உப்பாக இருந்தால் முளை கருகிவிடும். பாகல், பீர்க்கன் விதைகளுக்குத் தோல் கெட்டி. ஊற வைக்காமல் போட்டால் தாமதமாகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நாற்றங்காலில் தண்ணீர் தேங்கினால் நாற்றழுகல் வரும். முளைத்து வந்த நாற்று தரையோடு சாய்ந்து மடியும். பார்ப்பவருக்கு விதை முளைக்கவில்லை என்றே தோன்றும். மண்ணை மெல்லக் கிளறிப் பாருங்கள். வேர்விட்டு அழுகிய முளைகள் கிடைத்தால் முதலில் வடிகாலைச் சரிசெய்ய வேண்டும். விதை அப்படியே உப்பி, நசுங்கி, கூழாகக் கிடந்தால் விதையின் மேல் சந்தேகப்படலாம்.

அவசரமும் கூடாது. பரிசோதனை நிலையங்களிலேயே தக்காளி, கத்தரி, மிளகாய் விதைகளுக்கு 14 நாளும் வெண்டைக்கு 21 நாளும் பொறுத்துத்தான் கடைசிக் கணக்கு எடுக்கிறார்கள்.

பத்து விதைக் கணக்கு பலிக்காது

எந்த விதையும் நூற்றுக்கு நூறு முளைக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. மத்திய அரசின் விதைத் தரத்தில் குறைந்தபட்ச முளைப்புத் திறன் தக்காளி, கத்தரிக்கு 70 சதவீதம். வெண்டைக்கு 65. மிளகாய், பாகல், புடலை, சுரை, பீர்க்கனுக்கு 60. உளுந்து, பாசிப்பயறுக்கு 75. நெல்லுக்கு 80. நூறு மிளகாய் விதையில் 62 முளைத்திருந்தால் விற்றவர் தரத்துக்கு உட்பட்டுத்தான் கொடுத்திருக்கிறார்.

மாடித் தோட்டத்துக்கென்று விற்கும் உறைகளில் சில சமயம் பத்து, இருபது விதைதான் இருக்கும். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. 70 சதவீதம் முளைக்கக்கூடிய நல்ல தக்காளி விதையிலேயே பத்தை எடுத்துப் போட்டால், ஐந்தோ அதற்கும் குறைவோ மட்டும் முளைப்பது ஏறக்குறைய ஏழு முறைக்கு ஒரு முறை தற்செயலாகவே நடக்கும். அதை வைத்து விற்றவரைக் குற்றம் சொல்ல முடியாது. நூறு போட்டு ஐம்பதுதான் முளைத்தது என்றால் அதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

எனவே நிலத்துக்கு வாங்குகிறவர்கள் விதைப்புக்கு முன்பே சோதித்துவிடுவது நல்லது. பொறுக்கி எடுக்காமல், கைக்கு வந்தபடி நூறு விதையை எண்ணுங்கள். ஈரமான சுத்தமான பருத்தித் துணியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பிச் சுருட்டி, நிழலில் வையுங்கள். துணி காயவும் கூடாது, தண்ணீர் சொட்டவும் கூடாது. வேரும் தண்டும் ஒழுங்காக வந்த முளைகளை மட்டும் எண்ணுங்கள். தோல் வெடித்ததோடு நின்றவை கணக்கில் சேராது.

சிறிய உறை வாங்கியவர்கள், அதே குவியல் எண் உள்ள விதையை வாங்கிய நாலைந்து பேரின் எண்ணிக்கையைச் சேர்த்துப் பாருங்கள். வாட்ஸ்அப் குழுக்கள் இதற்கு நன்றாக உதவும். சந்தேகம் தீரவில்லை என்றால் அரசு விதைப் பரிசோதனை நிலையத்தில் பணி விதை மாதிரியாகக் கொடுத்துக் குறைந்த கட்டணத்தில் சோதித்துக்கொள்ளலாம்.

உறையைத் தூக்கிப் போடாதீர்கள்

விதை மண்ணுக்குள் போனதும் உறை குப்பைக்குப் போவதுதான் பெரும்பாலான வீடுகளில் வழக்கம். வழக்கில் முதல் சாட்சியே அந்த உறைதான். லாட் நம்பர் என்கிற குவியல் எண், பரிசோதித்த தேதி, முளைப்புத் திறன், விற்றவர் பெயர், முகவரி ஆகியவற்றைப் படம் எடுத்து வையுங்கள். சான்று விதை என்றால் நீல நிற அட்டையும், ஆதார விதை என்றால் வெள்ளை அட்டையும் இருக்கும். சான்று விதையின் காலம், பரிசோதித்த நாளிலிருந்து 9 மாதம். அது முடிந்த விதையை அனுப்பியிருந்தால், முளைத்ததா என்று பார்க்கும் முன்பே நீங்கள் புகார் சொல்லலாம்.

குவியல் எண்ணுக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. விற்ற ஒவ்வொரு குவியலுக்கும் 3 ஆண்டுகள் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்கிறது விதை விதிகள். குவியல் முழுவதும் விற்றுத் தீர்ந்து ஓராண்டு வரை மாதிரி விதையையும் வைத்திருக்க வேண்டும். எண் தெரிந்தால் அந்த மாதிரியைக் கேட்க முடியும். எண் இல்லாவிட்டால் 'அது எங்கள் விதையே இல்லை' என்று அவர்கள் கைகழுவிவிடலாம்.

1983-ம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விதை வியாபாரத்துக்கு உரிமம் தேவை; வாங்கியவருக்கு ரசீதும் தர வேண்டும். பெயர், எண், தேதி எதுவுமே இல்லாத வெறும் பிளாஸ்டிக் உறையில் விதை வந்திருந்தால், அதையே விமர்சனத்தின் முதல் வரியாக எழுதலாம்.

முதலில் விற்றவரிடம் சொல்லுங்கள்

எண்ணிக்கை கையில் வந்ததும் விற்றவருக்கும், விற்ற இணையதளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது.

அவர்கள் நடந்துகொள்ளும் விதமும் உங்கள் விமர்சனத்தில் இடம்பெற வேண்டிய செய்திதான். தவறை ஏற்று உடனே மாற்று விதை அனுப்பியவரையும், தொலைபேசியை எடுக்காதவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

சில பேர் 'பணத்தைத் தருகிறோம், விமர்சனத்தை நீக்குங்கள்' என்பார்கள். பணம் உங்கள் உரிமை, வாங்கிக்கொள்ளுங்கள். விமர்சனத்தை நீக்க வேண்டியதில்லை. 'புகார் சொன்னதும் பணத்தைத் திருப்பித் தந்தார்கள்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அது விற்றவருக்கும் நியாயம், அடுத்து வாங்குகிறவருக்கும் நியாயம்.

எப்படி எழுதுவது?

'ஏமாற்று வேலை, காசு போச்சு' என்பதில் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. இப்படி எழுதிப் பாருங்கள்: 'வெண்டை விதை. குவியல் எண் இது. உறையில் இருந்த பரிசோதனை தேதி இது. ஈரத்துணியில் 100 விதை வைத்தேன். 21 நாளில் 38 முளைத்தது. உறையில் 65 சதவீதம் என்று போட்டிருந்தது. புகார் செய்தேன், பத்து நாளாகியும் பதில் இல்லை.' கூடவே ஒரு படம்.

இதில் வசவு இல்லை, ஆனால் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. உங்களுக்கும் இதுவே பாதுகாப்பு. நடந்ததை நடந்தபடி, பிறர் நலனுக்காக நல்லெண்ணத்துடன் சொல்வதற்கு அவதூறுச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. 'திருடன், போலி கம்பெனி' என்று நிரூபிக்க முடியாததை எழுதினால்தான் சிக்கல்.

கூரியர் தாமதத்துக்காக விதைக்கு ஒற்றை நட்சத்திரம் போட வேண்டாம். அதைத் தனியாகச் சொல்லுங்கள். ரகம் மாறியிருப்பது பூவும் காயும் வரும்போதுதான் தெரியும். அப்போது மறக்காமல் போய் முதலில் எழுதியதைத் திருத்துங்கள். முளைத்த மகிழ்ச்சியில் போட்ட ஐந்து நட்சத்திரம் அப்படியே நின்றால் அதுவும் பிறரைத் தவறாக வழிநடத்தும்.

நாட்டு விதை சேகரித்து, சிறிய அளவில் அனுப்பும் விவசாயிகள் பலர் இருக்கிறார்கள். தன் விளைச்சலில் கிடைத்த விதையைப் பிராண்ட் பெயர் இல்லாமல் பகிரவும் விற்கவும் விவசாயிக்கு 2001-ம் ஆண்டு பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டம் உரிமை தந்திருக்கிறது. நாட்டு ரகத்தில் செடிக்குச் செடி கொஞ்சம் வேறுபாடு இருப்பது இயல்பு. இவர்களுக்கு ஒரு கெட்ட விமர்சனமே பெரிய அடி. முதலில் நேரடியாகப் பேசுங்கள். அதற்காகச் செத்த விதையை நல்ல விதை என்று எழுத வேண்டியதில்லை.

ஐந்து நட்சத்திரத்தையும் சந்தேகியுங்கள்

2020-ல் அமெரிக்காவில் பல வீடுகளுக்குக் கேட்காமலே விதைப் பொட்டலங்கள் தபாலில் வந்தன. வாங்கியது போலக் கணக்குக் காட்டிப் பொய்யான நல்ல விமர்சனம் எழுதிக்கொள்ளும் தந்திரமாகத்தான் தெரிகிறது என்று அந்நாட்டு வேளாண் துறை சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் இந்திய வேளாண் அமைச்சகமும் அத்தகைய விதைப் பொட்டலங்கள் பற்றி மாநிலங்களை எச்சரித்தது. வாங்குபவர்போல நடித்து விற்பவரே விமர்சனம் எழுதுவதை நம் மின்வணிக விதிகள் தடை செய்கின்றன. இணைய விமர்சனங்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-ல் ஐ.எஸ். 19000 என்ற தரக்குறியீட்டையும் வெளியிட்டது. இருந்தாலும், 'ஐந்து நட்சத்திரம் போட்டால் பணம் திரும்ப' என்ற அட்டை பொட்டலத்துக்குள் வருவது நின்றபாடில்லை. அந்தப் பத்து, இருபது ரூபாய்க்கு நீங்கள் போடும் நட்சத்திரத்தை நம்பி ஒருவர் ஒரு ஏக்கருக்கு விதை வாங்கக்கூடும்.

விமர்சனம் எழுதினால் இழப்பீடு வராது

விமர்சனம் அடுத்தவரை எச்சரிக்கும். உங்கள் இழப்பை அது ஈடுகட்டாது. நிலத்துக்கு வாங்கி நஷ்டப்பட்டவர்கள் விமர்சனத்தோடு நின்றுவிடக் கூடாது. ஆந்திர விவசாயிகள் தேசிய விதைக் கழகத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்குகளில், 2012 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான். விதைச் சட்டம் தனியாக இருப்பதால் நுகர்வோர் மன்றத்தின் கதவு மூடிவிடாது என்றது. 'ஆய்வுக்கு அனுப்ப விதை மாதிரி எங்கே?' என்ற எதிர்வாதத்தையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. விதை கெட்டது என்று முன்கூட்டியே தெரியாத விவசாயி, வாங்கியதையெல்லாம் விதைத்துவிடுவது இயல்புதானே என்று கேட்டது.

ஆகவே விளைச்சல் பொய்த்தால் உடனே உழுதுவிடாதீர்கள். முதலில் வட்டார வேளாண் அல்லது தோட்டக்கலை அலுவலகத்துக்கும், விதை ஆய்வாளருக்கும் எழுத்தில் தெரிவித்து, நிலத்தைப் பார்வையிடச் சொல்லுங்கள். திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் தொழில்நுட்ப ஆலோசனை கிடைக்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்க முடியும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது.

அடுத்த முறை விதைப் பொட்டலம் வந்ததும், பிரிக்கும் முன் உறையின் இரு பக்கத்தையும் படம் எடுங்கள். விதைப்பதற்கு முன் ஒரு பிடியைத் தனியாக எடுத்து, உறையோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பயிர் நன்றாக வந்தால் அதையும் எண்ணிக்கையோடு எழுதுங்கள். நல்ல விதை கொடுத்தவரைத் தேடும் விவசாயிக்கு அது வழிகாட்டும்.