மூளையில் படியும் இரும்பு

கம்பி மத்தாப்புக்கு இரும்புத் தூள் கலக்கும் ஆலையில் வேலை பார்க்கும் ஒரு தாய்க்கு, பிள்ளையின் மூளையில் இரும்பு படிந்திருப்பதாக டாக்டர் சொன்னால், அந்தத் தூள்தான் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதோ என்று தோன்றலாம். சிவகாசிப் பக்கம் இப்படி நினைப்பது இயல்பு. ஆனால் பிகேஏஎன் என்ற இந்த அரிய நோய் பரம்பரையாக வருவது. பேங்க்2 என்ற மரபணு பழுதாவதால், வைட்டமின் பி5-ஐ உடல் பயன்படுத்தும் வேலை தடைபடுகிறது. அசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியில் இரும்பு படிகிறது.

பெரும்பாலும் ஆறு வயதுக்குள் நடை தடுமாறும். கால் விறைத்து முறுக்கும், பேச்சு குழறும். எம்ஆர்ஐ படத்தில் கறுப்புக்கு நடுவே வெள்ளைப் பொட்டு ஒன்று தெரியும். டாக்டர்கள் இதைப் புலிக்கண் என்பார்கள். ரத்தத்தில் இரும்பு அளவு சரியாகவே இருக்கும் என்பதால், முருங்கைக்கீரையை நிறுத்திப் பயனில்லை. செம்பு சேரும் வில்சன் நோயும் இதேபோலக் கை, காலை முறுக்கும். அதற்கு நல்ல மருந்து இருப்பதால் அதை முதலில் சோதித்துவிட வேண்டும்.

இரும்பை வெளியேற்றும் டெஃபெரிப்ரோன் மாத்திரை, தலசீமியா நோயாளிகளுக்காக 1990-களிலேயே நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. அதை பிகேஏஎன் நோயாளிகள் 88 பேரை வைத்து 18 மாதம் சோதித்த ஆய்வு 2019-இல் வெளியானது. மாத்திரை சாப்பிட்டவர்களின் மூளையில் இரும்பு குறைந்தது. உடல் முறுக்கலில் மட்டும் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஐந்தில் ஒருவருக்கு ரத்தசோகை வந்தது. வெள்ளை அணுக்களும் சரியலாம், அதனால் காய்ச்சல் கண்டால் அன்றே ரத்தப் பரிசோதனை. 'இரும்பை இறக்கினால் குணம்' என்று யாராவது பணம் கேட்டால், நான் நம்பமாட்டேன்.

அன்றாடம் கைகொடுப்பது முறுக்கலைத் தளர்த்தும் வைத்தியம்தான். பேக்லோஃபென், டிரைஹெக்சிபெனிடில் மாத்திரைகள், போட்டாக்ஸ் ஊசி, சிலருக்கு மூளையில் மின்முனை பொருத்தும் அறுவை சிகிச்சை. தாடை இறுகிப் பிள்ளை நாக்கைக் கடித்துக் கிழித்துக்கொள்ளும். பல் டாக்டரிடம் கடிப்புத் தடுப்பு செய்து வாங்கலாம். படுக்கவைத்து ஊட்டாமல், நிமிர்த்தி உட்காரவைத்துக் குழைந்த சோற்றைச் சிறு கவளமாகக் கொடுக்க வேண்டும். புரையேறுவதுதான் பெரிய ஆபத்து.

தாய், தகப்பன் இருவரும் பழுதான மரபணுவை ஒவ்வொன்று சுமந்தால், ஒவ்வொரு கருவிலும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் கட்டும் வீடுகளில் இருவரும் அதே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடும். அடுத்த குழந்தைக்கு முன்பே மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் இதைக் கேட்டுப் பாருங்கள். எம்ஆர்ஐ படத்தைக் கையோடு எடுத்துப் போங்கள்.