கைமொழியும் ஏட்டுமொழியும் – 6: ஸ்வீடன் தேசத்து வகுப்பறை

சென்ற வாரம் மிலான் மகாநாட்டோடு நிறுத்தியிருந்தோம். 1880 செப்டம்பரில் அந்நகரில் கூடிய கல்விமான்கள், காது கேளாத குழந்தைக்கு வாய்ப்பேச்சு ஒன்றே கதி என்று நிறைவேற்றிய தீர்மானம், ஐரோப்பியப் பள்ளிகளிலிருந்து சைகை மொழியையும், அந்த மொழியில் பாடம் சொல்லி வந்த காது கேளாத உபாத்தியாயர்களையும் ஒரு தலைமுறைக்குள் பெரும்பாலும் வெளியேற்றிவிட்டது. அதன் பலனை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு அனுபவித்த பிறகு, மாற்று வழியொன்றை அரசாங்கத்தின் அங்கீகாரத்தோடு தேசம் முழுமைக்கும் வகுத்துக்கொண்ட நாடுகளில் முன்னோடி என்று சொல்லத்தக்கது ஸ்வீடன்.

அந்நாட்டில் இக்கல்வியின் தொடக்கமே சற்று விநோதமானது. ஸ்டாக்ஹோமில் அரசாங்க அலுவலகமொன்றில் உத்தியோகம் பார்த்து வந்த பெர் ஆரோன் போர்க் என்பவர், பாரிஸில் காது கேளாதோருக்குப் பள்ளி நடத்திய லெபே பாதிரியாரைப் பற்றிய நாடகம் ஒன்றைப் பார்த்து மனம் நெகிழ்ந்து, 1809-இல் தாமே ஒரு பள்ளியைத் தொடங்கினார். பிற்காலத்தில் மனில்லா பள்ளி என்று பிரசித்தி பெற்றது அதுதான். நாடகம் பார்த்துவிட்டு வீடு திரும்பி உறங்கிப்போகிறவர்களே உலகத்தில் அதிகம் என்பதால் இதைக் குறிப்பிடத் தோன்றுகிறது. போர்க் பின்னர் போர்ச்சுகலுக்கும் சென்று அங்கும் ஒரு பள்ளி நிறுவினார். போர்ச்சுகல் நாட்டுக் காது கேளாதோரின் விரலெழுத்து இன்றளவும் ஸ்வீடன் வழி வந்ததாகவே இருக்கிறது. 1846-இல் பின்லாந்தின் போர்வோ நகரில் அத்தேசத்தின் முதல் காது கேளாதோர் பள்ளியைத் தோற்றுவித்த கார்ல் ஆஸ்கர் மால்ம், தாமும் காது கேளாதவரே; மனில்லாவில் படித்துத் தேறியவர். இவ்வளவு செழிப்பான சம்பிரதாயம் இருந்தும், காது கேளாதோருக்குக் கட்டாயக் கல்வி அளித்த 1889-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி வாய்ப்பேச்சு முறையே அங்கும் ஆதிக்கம் பெற்றது.

அதிலிருந்து மீள முயன்றபோது ஸ்வீடன் முதலில் எடுத்த வழி அரைகுறையானது. ஸ்வீடிஷ் வாக்கியத்தில் உள்ள சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு சைகையாக, அதே வரிசையில் கையால் அடுக்கிக் காட்டும் செயற்கை முறை ஒன்றை வகுத்து, குழந்தை கண்ணாலேயே ஸ்வீடிஷைக் கற்றுக்கொண்டுவிடும் என்று நம்பினார்கள். 1970-களில் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் பிரீதா பெர்க்மன் என்ற மொழியியலாளர் ஆராயத் தொடங்கியதும் முதலில் இந்த முறையைத்தான். ஆனால், காது கேளாதோர் தமக்குள் உரையாடும்போது கையாளுவது இதுவன்று, தனக்கென இலக்கணம் உடைய வேறொரு முழுமையான மொழி என்பது அவ்வாராய்ச்சியின் போக்கிலே தெளிவாயிற்று. காது கேளாதோர் சங்கமும், அக்குழந்தைகளின் பெற்றோரும், மொழியியலாளரும் ஒரே குரலாகச் சேர்ந்தது அந்நாட்டின் பாக்கியம். காது கேளாதவர் தம்மவரிடையிலும் பொதுச் சமூகத்திலும் வாழ்வதற்கு இரு மொழிகளிலும் வல்லவராக வேண்டுமென்பதை 1981-இல் பார்லிமெண்ட் ஏற்றுக்கொண்டது. 1983-இல் வந்த பாடத்திட்டம் ஸ்வீடிஷ் சைகை மொழியையும் எழுத்து ஸ்வீடிஷையும் பள்ளியின் இரு மொழிகளாக வைத்தது.

சட்டம் எழுதுவது சுலபம். காதில் ஒருமுறையும் விழாத மொழியை ஒரு குழந்தைக்கு ஏட்டின் வழியாக மாத்திரம் எவ்வாறு கற்பிப்பது என்பதே சிரமமான பகுதி. கேட்கும் குழந்தை பள்ளிக்கு வரும்போதே தாய்மொழியைப் பேசிக்கொண்டு வருகிறது. எழுத்தைக் கற்றுக்கொண்டால் போதும், மொழி ஏற்கெனவே அதனிடம் இருக்கிறது. காது கேளாத குழந்தைக்கோ எழுத்தும் மொழியும் ஒரே சமயத்தில் ஒரே தாளில் வந்து நிற்கின்றன. ஆகையால் ஸ்வீடிஷை அதற்கு இரண்டாம் மொழியாகவே கருதி, முதல் மொழியாகிய சைகையின் துணை கொண்டு விளக்க வேண்டும் என்ற கொள்கையைக் கிறிஸ்தினா ஸ்வார்த்தோல்ம் முதலிய அறிஞர்கள் வலியுறுத்தினர்.

இதன் நடைமுறையைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். ‘பூனை மேசைக்கு அடியிலிருந்து ஓடி வந்தது’ என்ற வாக்கியம் கதைப் புத்தகத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியை முதலில் புத்தகத்தைத் திறப்பதில்லை. கதையைச் சைகையில் சொல்கிறார். இடது கை தட்டையாக அந்தரத்தில் நின்று மேசையாகிறது. வலது கையின் மடிந்த விரல்கள் பூனையாகி அதன் கீழிருந்து வெளிவருகின்றன. ‘அடியிலிருந்து’ என்பதற்குத் தனிச் சைகை எதுவும் இல்லை. ஒரு கை மற்றொரு கையின் கீழே இருந்து புறப்பட்டதே அந்தப் பொருளைச் சொல்லிவிடுகிறது. பிறகுதான் ஏடு திறக்கப்படுகிறது. சற்றுமுன் கையில் கண்ட அந்தக் ‘கீழ்’ இந்த வரியில் எங்கே இருக்கிறது என்று ஆசிரியை கேட்க, குழந்தைகள் தேடுகிறார்கள். நம் தமிழில் அது மேசைக்குப் பின்னால் வந்து நிற்கும். ஸ்வீடிஷில் மேசைக்கு முன்னால் தனிச் சொல்லாக நிற்கும். அதைக் கண்டுபிடித்த குழந்தை, சைகையும் ஸ்வீடிஷும் ஒரே பொருளை வெவ்வேறு இடங்களில் வைக்கின்றன என்பதைத் தன் கண்ணாலேயே உணர்ந்துவிடுகிறது.

இவ்வாறு வரி வரியாக ஒப்பிட்டுச் செல்லும் போதனையில், முதலில் சொற்பட்டியல், அப்பால் இரு சொல் வாக்கியம், அப்பால் மூன்று சொல் வாக்கியம் என்று படிப்படியாக ஊட்டும் பழைய வழக்கத்துக்கு இடமில்லை. குழந்தைக்குப் புரியாது என்று வாக்கியத்தைச் சுருக்கிச் சுருக்கிக் கொடுத்தால், அது சுருங்கிய ஸ்வீடிஷையே கற்றுக்கொள்ளும் என்பது ஸ்வார்த்தோல்மின் வாதம்; எனக்கும் அது முற்றிலும் நியாயமாகவே படுகிறது. ஆகவே உண்மையான கதைகளையே கொடுத்து, அவற்றின் சைகை வடிவத்தை ஒளிப்பதிவாகவும் உடன் வைத்தார்கள். பிள்ளைகள் அதை ஓட்டியும் நிறுத்தியும் அச்சிட்ட பக்கத்தோடு ஒத்துப் பார்க்கலாம். அந்நாட்டுத் தொலைக்காட்சியில் அந்நியமொழி நிகழ்ச்சிகளுக்குக் குரல் மாற்றாமல் அடியில் எழுத்தோட்டம் காட்டுவது வழக்கமாதலால், வேகமாக வாசிக்கப் பழகுவதற்கான ஆசை வீட்டிலேயே கிடைத்தது.

இந்த ஒப்பீட்டு முறைக்குத் துணையாகும் வேறொரு நுட்பத்தை 1990-களின் இறுதியில் அமெரிக்காவில் டாம் ஹம்ப்ரீஸும் ஃபிரான்ஸீன் மக்டூகலும் வகுப்பறைகளைக் கவனித்து எழுதினார்கள். ஆசிரியர் பலகையில் உள்ள சொல்லைச் சுட்டிக் காட்டுகிறார். உடனே அதன் எழுத்துக்களை விரலால் காட்டுகிறார். உடனே அதற்குரிய சைகையைச் செய்கிறார். மறுபடியும் பலகையைத் தொடுகிறார். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் இச்செயலுக்குச் சங்கிலி என்று பெயர். இதில் சுவையான சங்கதி என்னவென்றால், இந்த விரலெழுத்தைத் தாராளமாகக் கையாளுவோர் கேட்கும் ஆசிரியர்களைக் காட்டிலும் காது கேளாத ஆசிரியர்களே என்பது. பயிற்சிக் கல்லூரி எதுவும் இதை அவர்களுக்குச் சொல்லித் தந்ததில்லை; தங்கள் பால்யத்தில் எழுத்தோடு தாங்கள் பட்ட பாட்டிலிருந்தே அறிந்துகொண்டார்கள். மிலானுக்குப் பின் பள்ளிகளை விட்டு விரட்டப்பட்டவர்களோடு எத்தனை கற்பிக்கும் ஞானம் வெளியேறியதோ என்று அங்கலாய்க்க வேண்டியிருக்கிறது.

பெற்றோரை மறந்துவிடலாகாது. காது கேளாத குழந்தைகளில் பெரும்பாலோர் கேட்கும் தாய் தந்தையருக்கே பிறக்கிறார்கள்; வீட்டில் சைகை அறிந்தவர் ஒருவரும் இல்லையென்றால் பள்ளிக்கு வரும் குழந்தை எந்த மொழியும் இல்லாமலே வரும். பெற்றோர் 240 மணி நேரம் சைகை மொழி பயில ஸ்வீடிஷ் அரசாங்கம் ஏற்பாடு செய்ததும், இப்பள்ளிகளின் படிப்பை ஏனையோரின் ஒன்பது ஆண்டுகளுக்குப் பதிலாகப் பத்து ஆண்டுகளாக வைத்ததும் இந்தக் காரணத்தை உணர்ந்த செயல்களே.

முறை பக்குவமடைந்து வந்த அதே தருணத்தில், உட்செவியில் மின்முனைகளைப் பொருத்தும் காக்ளியர் இம்பிளாண்ட் சிகிச்சை 1990-களில் குழந்தைகளிடம் பரவியது. அச்சிகிச்சை பெற்றவர்களில் பலர் சாதாரணப் பள்ளிகளை நாடவே, விசேஷப் பள்ளிகளின் மாணாக்கர் தொகை குறைந்தது. கருவி பலருக்குப் பேச்சைத் தந்திருக்கிறது என்பதை மறுப்பது வீண் பிடிவாதம். ஆனால், கருவி கிடைத்துவிட்டதால் சைகை அநாவசியம் என்று முடிவு கட்டுவோர், கருவி பலன் தருகிறதா இல்லையா என்று தெரிவதற்குள் மொழி வளரும் ஆண்டுகள் கழிந்துவிடும் ஆபத்தை எண்ணிப் பார்ப்பதில்லை என்பதே என் அபிப்பிராயம். 2009-இல் ஸ்வீடன் இயற்றிய மொழிச் சட்டம் சைகை மொழியைப் பேணும் பொறுப்பு அரசுக்கு உண்டென்று எழுதி வைத்ததன் அவசியம் இங்கேதான் விளங்குகிறது.

புதிய சிக்கல் மற்றொரு திசையிலிருந்து வந்திருக்கிறது. போர் நடக்கும் தேசங்களிலிருந்து அடைக்கலம் தேடி வரும் குடும்பங்களில், பதின்மூன்று, பதினான்கு வயது வரை பள்ளியையும் சைகை மொழியையும் கண்டிராத பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெற்றோர் பேசுவது ஒரு மொழி, பள்ளியில் கையாளுவது ஸ்வீடிஷ் சைகை, ஏட்டில் இருப்பது ஸ்வீடிஷ், போதாக்குறைக்குப் பாடத்திட்டத்தில் ஆங்கிலம் வேறு. ஒப்பிட்டுக் கற்பிக்கும் முறைக்கு முதலில் ஒப்பிட ஒரு மொழி வேண்டும். அது இல்லாதவரிடம் ஆசிரியர் ஏட்டை மூடி வைத்துவிட்டு, சரளமாகச் சைகை பேசும் ஏனைய பிள்ளைகளின் நடுவே அவரை முதலில் பழகவிட வேண்டியிருக்கிறது. பத்தாண்டுப் படிப்பு என்று வகுத்த திட்டத்தில் அவருக்கு மிஞ்சியிருப்பது சில ஆண்டுகள்தான்.