நின்ற படம் நடக்கும்



பாலராமபுரம் எங்கே இருக்கிறது? நெய்யாற்றின்கரை தாலுகாவில் இருக்கிறது. பாறசாலையில் திருவனந்தபுரம் பஸ் ஏறினால் வழியில் வரும். அங்கே என்ன பெயர் பெற்றது? கைத்தறித் துணி.

திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா 1798 முதல் 1810 வரை ஆண்டார். அவர் காலத்தில் சாலியர் நெசவாளர்கள் தமிழ்ப் பகுதியிலிருந்து இங்கே வந்து குடியேறினார்கள். தறியும் தொழிலும் அவர்களோடு வந்தன.

அந்த வேலை எப்படி நடக்கும்? காலையில் பாவைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டுவார்கள். கஞ்சி போடுவார்கள். பிரஷால் தேய்த்துக் காய வைப்பார்கள். பிறகு பாவைத் தறியில் ஏற்றுவார்கள். குழித்தறியில் கால் மிதிக்கும். கை நாடாவை எறியும். நாடா ஊடையோடு ஓடும். துணியின் கரை இரண்டு பக்கமும் ஒன்று போல இருக்கும்.

2009இல் இந்தத் துணிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, இந்தப் பெயர் இந்த ஊர்த் துணிக்கே உரியது.

ஒரு தொல்லை

விசைத்தறி ஒரு நாளில் நிறையத் துணி நெய்யும். விலையும் குறைவு. அதில் தவறில்லை. ஆனால் விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. அப்போது யாருக்கு நஷ்டம்? வாங்குகிறவருக்கு நஷ்டம். தறியில் உட்கார்ந்து முதுகு வலிக்க நெய்தவருக்கு அதைவிடப் பெரிய நஷ்டம்.

தறியைப் பக்கத்தில் வந்து பார்த்தவர் ஏமாற மாட்டார். ஆனால் சென்னையில் இருப்பவர் எப்படிப் பார்ப்பார்? துபாயில் இருப்பவர் எப்படிப் பார்ப்பார்?

தறியை அவரிடம் கொண்டுபோக முடியாது. தறியின் படத்தைக் கொண்டுபோகலாம். அதுவும் நகரும் படமாகவே கொண்டுபோகலாம்.

படம் எப்படி நகருகிறது?

உண்மையில் படம் நகருவதே இல்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு பந்து வரையுங்கள். ஒவ்வொரு தாளிலும் பந்து கொஞ்சம் தள்ளி இருக்கட்டும். தாள்களை வேகமாகப் புரட்டுங்கள். பந்து ஓடும்!

ஏன்? கண் ஒன்றன் பின் ஒன்றாகப் படங்களைப் பார்க்கிறது. மூளை அவற்றை ஒன்றாகச் சேர்த்து விடுகிறது. சினிமாவிலும் இதுதான் நடக்கிறது. திரையில் ஒரு செகண்டில் 24 படங்கள் ஓடுகின்றன.

தாதாசாகேப் பால்கே 1913இல் 'ராஜா ஹரிச்சந்திரா' என்ற படத்தை வெளியிட்டவர். அதற்கு முன்பே அவர் ஒரு சிறிய படம் எடுத்தார். ஒரு தொட்டியில் பட்டாணி விதைத்தார். அது முளைத்து வளர்வதை நாளுக்கு நாள் படம் பிடித்தார். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினார். பல நாள் வளர்ச்சி சில நொடியில் கண்முன் நடந்தது. பிறகு தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்தியும் படம் எடுத்தார்.

அன்று அதற்குப் பெரிய காமிரா வேண்டும். இன்று ஒரு செல்போன் போதும். ஒரு கம்ப்யூட்டரும் வேண்டும்.

காசு கொடுக்க வேண்டாம்

படங்களைத் திருத்தும் மென்பொருள் ஒன்று உண்டு. அதன் பெயர் கிம்ப். 1995இல் அமெரிக்காவில் இரண்டு மாணவர்கள் இதைத் தொடங்கினார்கள். இது சுதந்திர மென்பொருள். யாரும் பணம் கொடுக்காமல் பயன்படுத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

கேரளப் பள்ளிக் கம்ப்யூட்டர்களில் கிம்ப் இருக்கிறது. 2018இல் பள்ளிகளில் 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்கள் தொடங்கின. அவற்றில் பிள்ளைகள் அனிமேஷனும் படிக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. தறியில் நூல் இணைக்கப் பிள்ளை உங்களிடம்தானே கற்கும்? இதை நீங்கள் பிள்ளையிடம் கற்கலாம்.

முதல் வேலை: போட்டோ

எட்டுப் போட்டோ எடுங்கள். நூல், பாவு, கஞ்சி போடுவது, குழித்தறி, காலின் மிதி, கையின் நாடா, துணியின் இரண்டு பக்கம், மடித்த துணி. இப்படி வரிசையாக எடுங்கள். போனைப் படுக்கையாகப் பிடியுங்கள். எல்லாப் படமும் ஒரே அளவில் இருக்கும்.

வீடியோவே எடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எடுக்கலாம். ஆனால் பாவு ஓடுவது ஒரு நாள், நெய்வது பல நாள். நல்ல எட்டுப் படத்தைப் பொறுக்கிச் சேர்த்தால் முழு வேலையும் தெரியும். படத்தின் கீழே எழுதவும் வசதி.

இரண்டாம் வேலை: சிறிதாக்கி எழுதுவது

கம்ப்யூட்டரில் கிம்பைத் திறந்து ஒரு போட்டோவை எடுங்கள். மேலே 'இமேஜ்' என்று இருக்கும். அதில் 'ஸ்கேல் இமேஜ்' என்பதைத் தொடுங்கள். அகலத்தை 600 ஆக்குங்கள். உயரம் தானாகக் குறையும். படம் பெரிதாக இருந்தால் போனில் அனுப்பச் சிரமம்.

பிறகு எழுத்துக் கருவியை எடுங்கள். அதன் மேல் ஏ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். படத்தின் கீழே நான்கு ஐந்து சொல் எழுதுங்கள். 'தெருவில் பாவு கஞ்சி போடுகிறோம்' என்று எழுதினால் போதும். 'ஃபைல்' பகுதியில் 'எக்ஸ்போர்ட் அஸ்' கொடுங்கள். ஜேபிஜி படமாகச் சேமியுங்கள். பெயர் 01, 02 என்று வரிசையாக இருக்கட்டும்.

மூன்றாம் வேலை: சேர்ப்பது

'ஃபைல்' பகுதியில் 'ஓப்பன் அஸ் லேயர்ஸ்' கொடுங்கள். எட்டுப் படத்தையும் ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள். அவை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்படும். ஒவ்வொன்றும் ஒரு லேயர். மடித்த வேட்டிகளை அடுக்கி வைப்பது போல. அடியில் இருப்பதுதான் முதலில் ஓடும். வரிசை மாறியிருந்தால் இழுத்துச் சரி செய்யுங்கள்.

ஓட்டிப் பார்க்க வேண்டுமா? 'ஃபில்டர்ஸ்', அதில் 'அனிமேஷன்', அதில் 'பிளேபேக்'.

இனி மறுபடி 'எக்ஸ்போர்ட் அஸ்'. இப்போது பெயரின் முடிவில் புள்ளி வைத்து ஜிஃப் என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஒரு பெட்டி வரும். 'அஸ் அனிமேஷன்' என்பதில் குறி போடுங்கள். அடுத்து நேரத்தைக் கேட்கும். 2000 என்று போடுங்கள். அது மில்லிசெகண்ட் கணக்கு. 1000 மில்லிசெகண்ட் ஒரு செகண்ட். ஒவ்வொரு படமும் 2 செகண்ட் நிற்கும். எட்டுப் படம் 16 செகண்டில் ஓடி முடியும்.

உங்கள் படம் தயார்!

நாடா ஓட வேண்டுமா?

ஒரு துணியை விரியுங்கள். நாடாவை ஓர் ஓரத்தில் வையுங்கள். போனைச் செங்கல்லில் சாய்த்து அசையாமல் நிறுத்துங்கள். ஒரு படம் எடுங்கள். நாடாவை இரண்டு விரல் அளவு தள்ளுங்கள். மீண்டும் எடுங்கள். இப்படிப் பத்துப் படம்.

முன் போலவே சேருங்கள். ஆனால் நேரம் 2000 வேண்டாம், 100 போடுங்கள். பத்துப் படமும் ஒரே செகண்டில் ஓடும். நாடா தானாக ஓடுவது போலத் தெரியும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். ஜிஃப் படத்தில் ஒலி இல்லை. ஒரு படத்துக்கு 256 நிறம்தான். கசவு கொஞ்சம் மங்கலாகத் தெரியலாம்.

நேர்மை வேண்டும்

படத்தைத் திருத்தும் கருவி பொய் சொல்லவும் உதவும். இல்லாத தறியைக் காட்டலாம். பிறர் நெய்ததை நம்முடையது என்று போடலாம். அது செய்யக் கூடாது. ஏமாற்றுகிறவரை எதிர்த்துத்தானே படம் எடுக்கிறோம்? மற்றவர் முகம் வந்தால் அவரிடம் அனுமதி கேளுங்கள். போனில் வரும் படத்தையும் உடனே நம்ப வேண்டாம். படம் எப்படிச் செய்யப்படுகிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

படிக்கத் தெரிந்தவரை எழுத்தால் ஏமாற்றுவது கடினம். படம் செய்யத் தெரிந்தவரைப் படத்தால் ஏமாற்றுவதும் கடினம்.

பேசுங்கள், செய்யுங்கள்

1. நோட்டின் மூலையில் பறக்கும் காக்கை வரைந்து புரட்டிப் பாருங்கள்.
2. ஒவ்வொரு படமும் 3 செகண்ட் நிற்க வேண்டும். எந்த எண் போடுவீர்கள்?
3. உங்கள் வீட்டுத் தொழில் என்ன? அதை எட்டுப் படத்தில் காட்டுவது எப்படி? குழுவில் பேசுங்கள்.