செட் (ஆங்கிலச் சொல்)

செட் என்பது ஆங்கில மொழியில் மிகுதியான பொருள்களைக் கொண்ட சொற்களுள் ஒன்றாகும். மூன்றே எழுத்துகளால் ஆன இச்சொல் வினைச்சொல்லாகவும், பெயர்ச்சொல்லாகவும், பெயரடையாகவும் வழங்குகிறது. 1989 ஆம் ஆண்டில் வெளியான ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு இச்சொல்லின் வினை வடிவத்துக்கு உரியது. அதில் 430 பொருள்கள், ஏறத்தாழ 60,000 சொற்களில் விளக்கப்பட்டிருந்தன. பின்னர் அவ்வகராதி திருத்தப்பட்டு வருகையில், 645 பொருள்களுடன் "ரன்" என்னும் வினைச்சொல் இதனை முந்திவிட்டதாக 2011 இல் அறிவிக்கப்பட்டது.

சொற்பிறப்பு

இன்று ஒரே சொல்லாகத் தோன்றும் செட், உண்மையில் இரு வேறு மூலங்களிலிருந்து வந்து ஒன்று கலந்ததாகும்.

வினைச்சொல், பழைய ஆங்கிலத்தின் "செட்டன்" என்பதிலிருந்து தோன்றியது. இது "சிட்" (உட்கார்) என்னும் வினையின் பிறவினை வடிவம். "உட்காரச் செய்" என்பதே இதன் அடிப்படைப் பொருள். தமிழில் "அமர்" என்பதிலிருந்து "அமர்த்து" என்பதும், "இரு" என்பதிலிருந்து "இருத்து" என்பதும் அமைவதை இதனுடன் ஒப்பிடலாம். உட்காருதலைக் குறிக்கும் வடமொழி வேர்ச்சொல்லும் இதே இந்தோ-ஐரோப்பிய மூலத்தைச் சேர்ந்தது. "உபநிடதம்" என்னும் சொல்லில் அவ்வேர் காணப்படுகிறது.

தொகுதி, குழு என்னும் பொருள் தரும் பெயர்ச்சொல், "பின்பற்றுவோர் கூட்டம்" எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லான "செக்டா" என்பதிலிருந்து பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. சமய உட்பிரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதே மூலத்தையுடையது. ஒலி ஒற்றுமையால் இவ்விரு சொற்களும் காலப்போக்கில் ஒன்றன்மேல் ஒன்று செல்வாக்குச் செலுத்தின.

இலக்கணம்

இவ்வினையின் நிகழ்கால, இறந்தகால, எச்ச வடிவங்கள் மூன்றும் மாறுவதில்லை. எனவே காலத்தைச் சூழலைக் கொண்டே அறிய வேண்டும். பெரும்பாலும் செயப்படுபொருள் ஏற்பினும், ஞாயிறு மறைதல், தயிர் உறைதல் போன்ற இடங்களில் செயப்படுபொருள் இன்றியும் வரும்.

வினைச்சொல்லாக

தமிழில் இச்சொல்லுக்கு ஒரே நிகர்ச்சொல் கிடையாது. எதனோடு சேர்ந்து வருகிறதோ அதற்கேற்பத் தமிழ் வினை மாறுகிறது.

* பொருளை ஓரிடத்தில்: வைத்தல்
* தீ, பொறி, கெடு: வைத்தல், விதித்தல்
* ஞாயிறு, திங்கள்: மறைதல்
* தயிர், கூழ்மம்: உறைதல்
* சீமைக்காரை: இறுகுதல்
* முறிந்த எலும்பு: பொருத்துதல்
* அணிகலனில் மணிகள்: பதித்தல்
* அச்செழுத்து: கோத்தல்
* பாட்டுக்கு இசை: அமைத்தல்
* வினாத்தாள்: தயாரித்தல்
* கடிகாரம்: நேரம் சரிசெய்தல்
* மரத்தில் பிஞ்சு: காய் பிடித்தல்

இவற்றுள் தீ வைத்தல், பொறி வைத்தல் ஆகியவற்றில் தமிழும் ஆங்கிலமும் ஒரே அடிப்படை வினையைக் கையாளுகின்றன. பிற இடங்களில் "வைத்தல்" என்று பெயர்த்தால் பொருள் சிதையும்.

துணைச்சொற்களுடன் சேரும்போது பொருள் மேலும் விரியும். "செட் அப்" நிறுவுதலையும், "செட் அசைட்" ஒதுக்கி வைத்தலையும் குறிக்கும். சட்ட வழக்கில் பின்னது, கீழ் நீதிமன்றத் தீர்ப்பொன்றை நீக்கறவு செய்தலாகும். "செட் ஆஃப்" என்பது பயணம் புறப்படுதல், வெடிக்கச் செய்தல், ஒரு கடனை மற்றொன்றால் ஈடு செய்தல் ஆகிய தொடர்பற்ற மூன்று பொருள்களில் வரும்.

பெயர்ச்சொல்லாக

* ஒன்றோடொன்று சேர்ந்த பொருள்களின் தொகுதி
* கணிதத்தில் உறுப்புகளின் தொகுப்பு
* டென்னிசு ஆட்டத்தின் ஒரு பகுதி. இதனை வெல்லப் பொதுவாக ஆறு ஆட்டங்களை, குறைந்தது இரண்டு ஆட்ட முன்னிலையுடன் வெல்ல வேண்டும்
* கைப்பந்தாட்டத்தின் ஒரு பகுதி; முதல் நான்கும் 25 புள்ளிகளுக்கும், ஐந்தாவது 15 புள்ளிகளுக்கும் ஆடப்படும்
* நாடகம், திரைப்படம் ஆகியவற்றுக்கான காட்சி அரங்கு
* வானொலிப் பெட்டி, தொலைக்காட்சிப் பெட்டி

கணிதக் கலைச்சொல்

கணிதப் பொருளுக்குத் தமிழில் இரு கலைச்சொற்கள் உள்ளன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் "கணம்" என்றும், இலங்கைப் பாடநூல்கள் "தொடை" என்றும் வழங்குகின்றன. இதனால் "உட்கணம்", "வெற்றுக்கணம்" என்பன இலங்கையில் முறையே "தொடைப்பிரிவு", "சூனியத்தொடை" எனப்படுகின்றன. ஒரு நாட்டு நூலைப் படிக்கும் மற்ற நாட்டு மாணவர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும்.

இத்தமிழ்ச் சொற்களும் பலபொருள் உடையனவே. "கணம்" கூட்டத்தையும் நொடிப்பொழுதையும் குறிக்கும். "தொடை" உடலுறுப்பையும், தொடுக்கப்பட்டதையும், யாப்பிலக்கணத்தில் மோனை, எதுகை முதலியவற்றையும் குறிக்கும்.

ஒத்த சொற்கள்

ஆங்கிலத்தில் வைத்தல் பொருளில் புட், பிளேஸ், லே ஆகியனவும், உறுதி செய்தல் பொருளில் ஃபிக்ஸ் என்பதும், இறுகுதல் பொருளில் ஹார்டன் என்பதும், தொகுதிப் பொருளில் குரூப், கலெக்சன் ஆகியனவும் ஒத்த சொற்களாகக் கொள்ளப்படுகின்றன. எனினும் இவை எல்லா இடங்களிலும் ஒன்றுக்கொன்று ஈடாகா.

கட்டடப் பொறியியல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். பேச்சு வழக்கில் செட், ஹார்டன் இரண்டும் ஒன்றே. பொறியியலிலோ, குழைவாக உள்ள சீமைக்காரை தன் குழைவை இழப்பதே முன்னது. அதன் பின்னர் பல நாட்கள் தொடர்ந்து வலிமை பெறுவது பின்னது. இந்தியத் தர நிர்ணயப்படி, சாதாரண போர்ட்லண்ட் சீமைக்காரையின் தொடக்க இறுகல் நேரம் 30 நிமிடங்களுக்குக் குறையாமலும், இறுதி இறுகல் நேரம் 600 நிமிடங்களுக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். இரு சொற்களையும் ஒன்றாகப் பெயர்த்தால், இறுகிய காரை முழு வலிமை பெற்றுவிட்டது என்னும் தவறான கருத்து உண்டாகும். முட்டுப் பலகைகளை உரிய காலத்துக்கு முன் பிரிப்பது ஆபத்தாகும் என்பதால், இவ்வேறுபாடு நடைமுறையிலும் இன்றியமையாதது.

தமிழ்ப் பேச்சு வழக்கில்

செட் தமிழ்ப் பேச்சிலும் கலந்துள்ளது. செட் தோசை, பம்பு செட், திரைப்படத் துறையின் "செட் போடுதல்", பொருந்தி வருதலைக் குறிக்கும் "செட் ஆதல்" ஆகியன இதற்கு எடுத்துக்காட்டுகள். "கார் செட்", "மாட்டுச் செட்" என்பவற்றில் உள்ளது, கொட்டகையைக் குறிக்கும் வேறோர் ஆங்கிலச் சொல்லின் திரிபாகும். அதற்கும் இக்கட்டுரையின் சொல்லுக்கும் தொடர்பில்லை.

இவற்றையும் பார்க்கவும்

* கணக் கோட்பாடு
* பலபொருள் ஒருமொழி
* ஒருபொருட் பன்மொழி
* கலைச்சொல்லாக்கம்