கடையில் கிடைக்காத ரயில்

மாதிரி ரயில் எனப்படுவது, உண்மையான எஞ்சின், பெட்டி, தண்டவாளம், பாலம், நிலையக் கட்டடம் ஆகிய அனைத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்து, தண்டவாளத்தின் வழியே பாயும் குறைந்த அழுத்த மின்சாரத்தால் இயக்கிப் பார்க்கும் பொழுதுபோக்காகும். சாவி கொடுத்தால் தரையில் உருண்டோடும் பொம்மை ரயிலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்த விகிதத்தில்தான் அடங்கியிருக்கிறது. பொம்மை ரயிலின் புகைபோக்கி எவ்வளவு பருத்திருந்தாலும் குழந்தை கேட்கப் போவதில்லை, மாதிரி ரயிலிலோ சக்கரத்தின் ஆரங்களை எண்ணிப் பார்ப்பவர் இருக்கிறார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இதைச் சுற்றி ஒரு சிறு வாணிகம் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து, நடுத்தர நகரங்களில்கூட இதற்கெனத் தனிக் கடைகள் இருந்தன. அக்கடைகள் அண்மைப் பத்தாண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு வருகின்றன. மயிலாடுதுறைக்கும் திருவாரூருக்கும் இடையே நெல்வயல்களின் நடுவே அமைந்த நன்னிலத்தின் கடைத்தெருவுக்கு இத்தகைய கடை அறிமுகமானதே இல்லை. ஆயினும் அவ்வூர் வழியே நூறாண்டுக்கும் மேலாக ஓடிய மீட்டர் கேஜ் ரயில் இன்று இல்லை, அதன் மாதிரிக்குப் பெரிய நிறுவனங்களின் விற்பனைப் பட்டியல்களில் இடம் கிடைத்ததும் இல்லை; வேண்டுமென்பவர் தாமே செய்துகொள்ள வேண்டும். அப்படிச் செய்யக் கற்றுக்கொடுத்த இடங்கள் எவை என்று பார்க்கும்போது, எங்கோ பிரிட்டனில் மூடப்பட்ட கடையின் கதை நன்னிலத்துக்கும் தொடர்புடையதாகிவிடுகிறது.

இவ்வாணிகத்தின் தொடக்கத்தை 1891ஆம் ஆண்டில் வைப்பது வழக்கம். ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் அவ்வாண்டு லைப்ஸிக் சந்தையில், வரையறுத்த அகலங்கள் கொண்ட தண்டவாளத் தொகுதியைக் காட்சிக்கு வைத்தது; இன்று ஒரு வட்டம் வாங்கியவர் அடுத்த ஆண்டு ஒரு கிளைப் பாதை வாங்கி அதனுடன் இணைக்கலாம் என்ற நிலை அதனால் உண்டாயிற்று. பொம்மையை ஒருமுறை விற்றால் முடிந்தது. தொகுதியை விற்றாலோ வாங்கியவர் திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும், அவர் வருவதற்கு ஒரு கடையும் வேண்டும். மெக்கானோ என்னும் இணைப்புப் பொம்மையைக் கண்டுபிடித்த பிரிட்டனின் ஃபிராங்க் ஹார்ன்பி, 1920இல் லிவர்பூலில் ரயில்களைச் செய்யத் தொடங்கினார். 1938இல் வந்த ஹார்ன்பி டப்ளோ வகை, ரயிலை வரவேற்பறைத் தரையிலிருந்து மேசைமேல் ஏற்றும் அளவுக்குச் சிறிதாக்கியது.

கடை செய்த வேலை விற்பனையோடு நிற்கவில்லை. விற்பனை மேடையிலேயே ஒரு சோதனைத் தண்டவாளம் கிடக்கும்; வாங்குபவரின் கண்ணெதிரே எஞ்சினை ஓட்டிக் காட்டியபின்பே பெட்டி கைமாறும். ஓடாத எஞ்சினைக் கொண்டுவருபவரிடம் சக்கரத்தில் படிந்த கரியைத் துடைக்கச் சொல்வதும், ஈயப் பற்று வைக்கும்போது பிளாஸ்டிக் உருகாமல் பார்த்துக்கொள்ளும் முறையைக் காட்டுவதும், ஒற்றைத் திருகாணியையோ ஒரு பற்சக்கரத்தையோ அலமாரியில் தேடி எடுத்துத் தருவதும் கடைக்காரரின் அன்றாடம். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் வாங்க முடியாது. எஞ்சின் விற்ற இலாபமே இந்த இலவச அறிவுக்கு ஊதியமாக இருந்தது. பின்னால் வந்த சரிவின் வேர் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

1979இல் லிவர்பூலின் மெக்கானோ தொழிற்சாலை மூடப்பட்டது. 1990களில் ஹார்ன்பி தன் உற்பத்தியைச் சீனாவுக்கு மாற்றத் தொடங்கியது. அங்குள்ள கைவேலைத் திறத்தால் மாதிரிகளின் நுணுக்கம் பன்மடங்கு கூடியது, அதனுடன் வணிக முறையும் மாறியது. ஒரு எஞ்சினை ஆண்டுதோறும் செய்து அலமாரியை நிரப்பும் பழைய முறைக்குப் பதிலாக, ஒரு தவணையில் சில ஆயிரம் செய்து முடித்துவிட்டு அடுத்த எஞ்சினுக்குப் போய்விடும் முறை வந்தது. வேண்டுபவர் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். சிறு கடைக்காரரோ தம் முதலை அவ்வளவு காலம் முடக்க வேண்டும். பெருமளவில் வாங்கித் தள்ளுபடி விலையில் தபாலில் அனுப்பும் நிறுவனங்கள் எஞ்சின் விற்பனையைக் கொண்டுபோக, உள்ளூர்க் கடைக்கு வண்ணக் குப்பியும் பசையும் இலவச ஆலோசனையும் மிஞ்சின. கடையில் பார்த்துத் தெரிந்துகொண்டு, வீட்டுக்குப் போய்த் தபாலில் வரவழைக்கும் வாடிக்கையாளரைப் பற்றிப் புத்தகக் கடைக்காரரும் கேமரா கடைக்காரரும் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இணையம் கடைகளை விழுங்கிவிட்டது என்று முடித்துவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். லிவர்பூலில் 1946இல் தொடங்கப்பட்ட ஹாட்டன்ஸ், தபால் வழியும் பின்னர் இணைய வழியும் விற்று உலகெங்கும் பெயர் பெற்ற நிறுவனம். சிறு கடைகள் தங்களுக்குப் போட்டியாகக் கண்டதே இத்தகைய நிறுவனங்களைத்தான். அதுவே 2024 ஜனவரியில் கதவை மூடப்போவதாக அறிவித்தது. பர்மிங்காமில் ஆண்டுதோறும் பெருங்கண்காட்சி நடத்திவந்த வார்லி மாதிரி ரயில் சங்கமும் அதே மாதம் அக்கண்காட்சியை நிறுத்துவதாகத் தெரிவித்தது. அதை நடத்தியவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள். ஜெர்மனியில் மார்க்லின் 2009இலேயே நொடித்துப்போய், 2013இல் சிம்பா டிக்கி என்னும் பொம்மை நிறுவனத்தின் கைக்குச் சென்று நிலைபெற்றது. வாங்குவோருக்கு வயதாகிறது, மறைந்தவர்களின் சேகரிப்புகள் பழைய பொருளாகச் சந்தைக்கு வந்து புதியவற்றோடு போட்டியிடுகின்றன, உற்பத்தியாளர்களே தங்கள் தளங்களில் நேரடியாக விற்கிறார்கள். இவை அனைத்தும் சேர்ந்துதான் பெரியவரையும் சிறியவரையும் ஒருங்கே தாக்கின.

இந்தியாவில் கதை வேறு. இங்கே வளராமலே நின்றுபோன வாணிகம் இது. விடுதலைக்குப் பிந்தைய ஐம்பது ஆண்டுகளில் நுகர்பொருள் இறக்குமதி உரிமக் கட்டுப்பாட்டுக்குள் இருந்ததால், வெளிநாட்டு ரயில் தொகுதி ஒன்று தமிழ்நாட்டு வீட்டுக்குள் வருவதென்றால் அது பெரும்பாலும் பயணியின் பெட்டியில் வர வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜூலா கப்பல் ஓடிய காலத்தில், கூத்தாநல்லூர், நாகூர், முத்துப்பேட்டை ஆகிய ஊர்களின் சபுராளிகள், அதாவது கடல்கடந்து பொருளீட்டித் திரும்புவோர், கொண்டுவந்த சீமைச் சாமான்கள் காவிரி டெல்டா முழுவதும் பெயர்பெற்றவை. அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலில் நீங்கியபின் வழி திறந்தது; திறந்த வழி மீண்டும் குறுகியது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காக்கும் நோக்கில், பொம்மைகள் மீதான சுங்க வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. சுங்க அட்டவணையில் கிலுகிலுப்பையும் பெரியவர்கள் சேகரிக்கும் நுண்மாதிரி எஞ்சினும் 9503 என்னும் ஒரே தலைப்பின்கீழ் வருவதால், பத்தாயிரம் ரூபாய் எஞ்சினுக்குச் சுங்க வரி மட்டுமே ஏழாயிரம் ரூபாய் ஆகிறது. சன்னபட்டணத்துக் கடைசல் பொம்மைக்காரருக்கு இவ்வரியால் நன்மை கிடைத்திருக்கலாம். உள்நாட்டில் போட்டியே இல்லாத ஒரு பொருளை இதே வலையில் பிடித்ததால் யாருக்கு என்ன கிடைத்தது என்பது விளங்கவில்லை.

வரியைக் கடந்தாலும் அகலம் தடுக்கிறது. உலகில் மிகுதியாக வழங்கும் ஹெச்.ஓ. என்னும் அளவில் எல்லாம் 87இல் ஒரு பங்காகச் சுருக்கப்படும். ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதை அதில் 16.5 மில்லிமீட்டர் ஆகிறது. இந்திய அகலப் பாதையோ 1676 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 19.3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும், அந்த அகலத்தில் தண்டவாளம் சந்தையில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே இந்திய எஞ்சின்களின் மாதிரிகளும் 16.5 மில்லிமீட்டர் பாதையிலேயே ஓடுகின்றன, முன்னாலிருந்து பார்த்தால் உடல் பருத்துக் கால் ஒடுங்கித் தெரிகின்றன. பிரிட்டிஷாரும் தங்கள் ரயில்களை 76இல் ஒரு பங்காகச் செய்து இதே 16.5 மில்லிமீட்டர் பாதையில் ஓட்டுவதால், அவர்களுக்கும் இதே குறை உண்டு. அதனோடு எண்பது ஆண்டுகளுக்கு மேல் நிம்மதியாகவே காலந்தள்ளிவிட்டார்கள்.

நன்னிலத்தின் பழைய பாதைக்கு இந்தச் சிக்கல் இல்லை. மீட்டர் கேஜ் என்பது பெயருக்கேற்ப ஒரு மீட்டர் அகலம் கொண்டது. 87இல் ஒரு பங்கு 11.5 மில்லிமீட்டர். சுவிட்சர்லாந்தின் மலை ரயில்களில் சிலவும் மீட்டர் கேஜ்தான் என்பதால், அவற்றின் மாதிரிகளுக்காக 12 மில்லிமீட்டர் தண்டவாளம் விற்பனைக்கு இருக்கிறது. ஆல்ப்ஸ் மலைக்காகச் செய்த தண்டவாளத்தின்மேல், ஒரு மேடுகூட இல்லாத காவிரிச் சமவெளியின் பாசஞ்சரை அரை மில்லிமீட்டர் பிழையோடு ஓட்டிவிடலாம். தண்டவாளம் மட்டுமே வாங்கக் கிடைக்கும். அதன்மேல் ஓடுவதெல்லாம் கையால் ஆக வேண்டியவை.

அந்தப் பாதையின் வரலாறும் தனித்தன்மையுடையது. தஞ்சாவூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதிக்கு ரயில் வேண்டுமென்று மாவட்ட போர்டு நிலத் தீர்வையுடன் ஒரு சிறு கூடுதல் வரியை விதித்து, அப்படிச் சேர்ந்த பணத்தைக்கொண்டு மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) முத்துப்பேட்டை வரை பாதை அமைத்தது. 1894இல் திறக்கப்பட்ட அப்பாதையில் வண்டிகளை ஓட்டும் பொறுப்பு தென்னிந்திய ரயில்வே கம்பெனியுடையது. லண்டன் முதலீட்டாளரின் பணத்தால் போடப்பட்ட பாதைகளே மிகுந்த காலத்தில், நெல் விளைவித்தவர்களின் வரியால் வந்த பாதை இது. 1898இல் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு ஒரு கிளை பிரிந்தது. 1926இல் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு மற்றொன்று வந்து 1986இல் மறைந்தது. கம்பெனியின் பணிமனை முதலில் நாகப்பட்டினத்தில் இருந்து, 1920களின் இறுதியில் திருச்சியை அடுத்த பொன்மலைக்குப் பெயர்ந்தது. விடுதலைக்குப்பின் இந்திய மீட்டர் கேஜ் பாதைகளின் பயணி வண்டிகளை இழுத்தவற்றுள் முதன்மையானது ஒய்.பி. வகை நீராவி எஞ்சின். 1949 முதல் 1970 வரை 871 செய்யப்பட்டன. அதற்குப்பின் ஒய்.டி.எம்.4 டீசல் எஞ்சின்கள் வந்தன. 2010களின் தொடக்கத்தில் மயிலாடுதுறை–திருவாரூர் பாதை அகலப் பாதையாக மாற்றப்பட்டபோது அவையும் விடைபெற்றன.

இப்படிப்பட்ட ஒரு பாதையைச் சிறிய அளவில் செய்து காட்டும் கலை டெல்டாவுக்குப் புதிதன்று என்பதைக் கொலு வைக்கும் வீடுகள் அறியும். நவராத்திரியில் படிகளுக்குப் பக்கத்தில் தரையில் பார்க் அமைப்பது தமிழ் வீடுகளின் பழக்கம். பொம்மை வைப்பது பெரியவர்களின் பொறுப்பென்றால் பார்க் பிள்ளைகளின் ஆட்சிப்பகுதி. மணலைப் பரப்பி, சில நாள்களுக்கு முன்பே கேழ்வரகும் வெந்தயமும் தெளித்து முளைக்கவைத்து வயலாக்குவது, தாம்பாளத்தில் நீர் ஊற்றிக் குளமாக்குவது, அட்டையில் கோபுரம் வெட்டுவது, அதைச் சுற்றிச் சாவி ரயிலோ பாட்டரி ரயிலோ ஓடவிடுவது என அதில் நடப்பவை அனைத்தும், மேலைநாட்டார் நிலக்காட்சி அமைத்தல் என்று தனித் துறையாக வகுத்து அதற்கென நுரையும் சாயப் பஞ்சும் விற்கும் வேலையேதான். பொம்மை கோயில் திருவிழாக் கடையில் கிடைத்தது, மற்றவை தோட்டத்திலும் அடுக்களையிலும் கிடைத்தன. உயிருள்ள நாற்றையே வயலாக வைக்கும் துணிவு ஐரோப்பிய மாதிரிக் கலைஞருக்கு வராது; அவருடைய நிலக்காட்சி ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும், கொலுப் பார்க் பத்து நாளில் கலைந்துவிடும். விஜயதசமிக்குப்பின் கலைப்பதென்பதே அதன் குறையும்கூட: ஓராண்டின் கைத்திறன் மறு ஆண்டுக்கு நினைவாக மட்டுமே போகிறது, விகிதம் பற்றிய கவலை அதில் நுழைய நேரமில்லை. கோபுரத்தைவிட உயரமான செட்டியார் பொம்மைக்கு முன்னால் ரயில் ஓடும்.

கைத்திறனும் விகிதமும் சேர்ந்த இந்திய முயற்சிக்குச் சான்று புனேயில் இருக்கிறது. பாவு ஜோஷி என்பவர் பல்லாண்டுகளாகத் தாமே செய்து சேர்த்த ரயில்கள், கோத்ரூட் பகுதியில் 1998இல் சிறு ரயில் அருங்காட்சியகமாக நிலைபெற்றன. தமிழ்நாட்டில் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையைச் சார்ந்த சென்னை ரயில் அருங்காட்சியகமும், 2014இல் திறக்கப்பட்ட திருச்சி ரயில் அருங்காட்சியகமும் உண்டு. பின்னது டெல்டாக்காரருக்கு எட்டும் தொலைவில் உள்ளது. விளம்பரப் பலகை செய்யப் பயன்படும் மெல்லிய நுரைப் பலகையைக் கத்தியால் வெட்டிப் பெட்டியாக்கி, சீன நிறுவனங்கள் விற்கும் சிறு மோட்டாரைப் பொருத்தி, நுணுக்கமான உறுப்புகளை முப்பரிமாண அச்சில் எடுத்து ஒட்டும் இளைஞர்கள் இப்போது பல நகரங்களில் இருக்கிறார்கள். கடைக்காரர் கற்றுக்கொடுத்ததை அவர்கள் காணொளிகளில் கற்கிறார்கள். கையில் எஞ்சினைப் பிடித்துச் சக்கரம் எங்கே உரசுகிறது என்று விரலால் காட்டுபவர் மட்டும் அங்கே இல்லை.

நன்னிலம் நிலையத்தில் நின்ற பாசஞ்சரைச் செய்ய விரும்புபவரின் கணக்கு இப்படி அமையும். ஏறத்தாழ 19.5 மீட்டர் நீளமான மீட்டர் கேஜ் பெட்டி 22 சென்டிமீட்டராகச் சுருங்கும்; எட்டுப் பெட்டியும் ஒரு ஒய்.பி. எஞ்சினும் சேர்ந்தால் வண்டி மட்டுமே இரண்டு மீட்டர், இரு முனையிலும் பாதை வளைந்து திரும்ப இடம்விட்டால் மேசை ஓர் அறையை அடைத்துவிடும். ஆகவே பெரும்பாலோர் மூன்று பெட்டியோடு நிறுத்திக்கொள்வார்கள். எஞ்சினின் வெளியளவுகளை நூல்களிலிருந்தும் அருங்காட்சியகங்களில் நிற்கும் எஞ்சின்களிலிருந்தும் எடுக்கலாம். நிலையத்தின் அளவு அவ்வாறு கிடைக்காது. பயணச்சீட்டு அறையின் சன்னல் எத்தனை அடி, கைகாட்டிக் கம்பம் நடைமேடையின் எந்த முனையில் நின்றது, நெல் மூட்டை ஏற்றும் கிளைப் பாதை எங்கே பிரிந்தது, பெட்டியின் செங்காவி நிறம் வெயிலில் எவ்வளவு வெளுத்திருந்தது என்பவை எந்தப் பட்டியலிலும் அச்சாகவில்லை. அவற்றை அறிந்தவர்கள் ஓய்வுபெற்ற நிலைய அதிபர்களும் கேங்மேன்களும், அந்த வண்டியில் மாயவரத்துக்குப் படிக்கப்போன தலைமுறையினரும். நூல் பிடித்து அளக்கும் பொறுமையுள்ளவர் யாராவது அவர்களைத் தேடிப்போனால், நன்னிலம் நிலையத்தின் முதல் அளவு வரைபடம் ஒரு பள்ளிக் குறிப்பேட்டுத் தாளில்கூட உருவாகலாம்.